எனக்கு எழுத வருமா? தொடக்கத் தயக்கம் எங்கிருந்து வருகிறது

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் அதை ஒருவருக்குப் படிக்க அனுப்பும்போது கூடவே ஒரு குறிப்பும் எழுதுவது வழக்கம். "மறைக்காமல் சொல்லுங்கள் சார், சரியில்லை என்றால் விட்டுவிடுகிறேன்." இந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கதை சரியாக வந்திருக்கிறதா என்பது ஒன்று. நான் எழுதலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் உண்டு. கதையை எதிரே வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இழுக்கிறது, இந்தப் பாத்திரம் இப்படிப் பேசாது என்று காட்டலாம். இரண்டாவது கேள்விக்கு எந்தப் பத்திரிகை ஆசிரியரும், எவ்வளவு பெரிய எழுத்தாளரும் பதில் சொல்ல முடியாது. ஆனால் தொடக்கத்தில் இரண்டும் பின்னிக்கொண்டுதான் வருகின்றன. 'முடிவு வலுவாக இல்லை' என்று சொன்னால் 'நீ இதற்கு லாயக்கில்லை' என்று காதில் விழுகிறது. நல்ல கதைகள் எழுதியிருக்கக்கூடிய பலர் இந்தக் குழப்பத்தில்தான் நின்றுபோனார்கள் என்பது என் உறுதியான எண்ணம். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கதையைப் பற்றிய சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்போது 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கருத்தை 1978-இல் முன்வைத்தவர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். பட்டம், பதவி, துறையில் மதிப்பு எல்லாம் பெற்ற பிறகும் 'நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் தெரிந்துவிடும்' என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த பெண்களைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். அங்கே சாதனை கண்ணெதிரே இருக்கிறது, மனம்தான் அதை ஏற்க மறுக்கிறது. முதல் கதையை எழுதுகிறவரின் நிலை அதுவல்ல. அவர் கையில் இன்னும் எதுவும் இல்லை. 'இது சுமாராகத்தான் வந்திருக்கிறது' என்று அவருக்குத் தோன்றினால், அது பெரும்பாலும் சரியான கணிப்பு. அவரிடம் போய் "உன்னை நம்பு, நீ பிரமாதமாக எழுதுகிறாய்" என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். எதிரே இருக்கும் பக்கம் அவருக்கும்தான் தெரிகிறது.

அது எப்படித் தெரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எழுத வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன் பல வருடங்கள் வாசகர்களாக இருந்தவர்கள். நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த ஒருவர் முதல்முறை அடுப்படியில் நின்றால், தான் வைத்த குழம்பில் என்ன குறை என்று நாக்கு உடனே சொல்லிவிடும், அதைச் சரிசெய்யக் கைக்குத்தான் தெரியாது. ரசனை பத்துப் பதினைந்து வருடம் முன்னால் போய் நிற்கிறது, கை இப்போதுதான் கிளம்புகிறது. இந்த இடைவெளிதான் வலிக்கிறது. குறை தெரிகிறது என்பதே ரசனை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எழுதியதெல்லாம் அருமை என்று முதல் நாளிலிருந்தே நம்புகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஒரு எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கதை எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு கடை சாத்தும் நேரத்தில் மருந்து வாங்க வந்த ஒரு ஆளைப் பற்றிய கதை. முதல் வரி இப்படி வருகிறது: 'வெண்ணிலவு தன் ஒளிக்கதிர்களை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த இரவில், அவன் மனமோ சோகக் கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தது.' இரண்டு பக்கம் இதே பாணியில் போகிறது. படித்துப் பார்க்கிறார், பிடிக்கவில்லை. சரி, நமக்கு எழுத வராது என்று நோட்டை மூடிவிடுகிறார்.

அவருடைய சந்தேகம் இங்கே பாதி சரி, பாதி தப்பு. அந்த வரி நன்றாக இல்லை என்பது உண்மை. ஆனால் அது அவருடைய வரியே அல்ல. கதை என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கேயோ படித்த ஞாபகம் எழுதிய வரி. அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இன்னும் பக்கத்துக்கு வரவே இல்லை. அந்த ஆள் மருந்துச் சீட்டை நீட்டுகிறார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். தொகையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சீட்டையே பார்க்கிறார். அப்புறம், "இதுல எது முக்கியமோ அத மட்டும் குடுங்கம்மா" என்கிறார். எது முக்கியம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது கடைக்காரப் பெண் நிற்கிறார். அட்டையில் பாதியை வெட்டிக் கொடுப்பதா, எதை விடுவது, கேட்பது யாருக்காக, அவர் மனைவிக்கா, குழந்தைக்கா? கதை அங்கே இருக்கிறது. நிலாவுக்கு அதில் வேலையே இல்லை.

'எனக்கு எழுத வராது' என்ற முடிவுக்குப் பதிலாக 'இந்த வரி ஏன் பொய்யாக இருக்கிறது' என்று அவர் கேட்டிருந்தால், அதே சந்தேகம் அவரை மருந்துச் சீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். கதையைப் பற்றிய சந்தேகம் ஒரு கருவி. அதை மழுங்கடிக்கக் கூடாது, கதையின் மீது மட்டும் பயன்படுத்தப் பழக வேண்டும்.

நான் யார் எழுத?

இரண்டாவது சந்தேகம் வேறு மாதிரி. இது பக்கத்தைப் பார்த்து வருவதில்லை, பக்கம் எழுதப்படும் முன்பே வந்துவிடுகிறது. படிப்பு போதாது, என் தமிழ் பேச்சுத் தமிழ், எங்கள் தெருவில் என்ன கதை இருக்கிறது, கல்யாணமான பெண் இதையெல்லாம் எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று பல உருவங்களில் வரும். இது நமக்குள் தானாக முளைத்தது அல்ல, வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டது. அதனால் இதற்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

அது எப்படி வைக்கப்படுகிறது என்பதற்கு அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து குறைவு. 1947-இல் கலிபோர்னியாவின் பாசடேனாவில் பிறந்த கறுப்பினப் பெண். தாயார் வீட்டு வேலை செய்தவர். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையைப் பதின்மூன்று வயதில் தன் அத்தையிடம் சொன்னபோது, கறுப்பர்கள் எழுத்தாளர்களாக முடியாதம்மா என்று அத்தை அன்பாகவே பதில் சொன்னதாகப் பட்லர் எழுதியிருக்கிறார். அந்த வயதுவரை, கறுப்பினத்தவர் எழுதியது என்று தெரிந்து ஒரு வரிகூட அச்சில் படித்ததில்லை என்றும் அவரே சொல்கிறார். அத்தைக்குக் கெட்ட எண்ணம் இல்லை, தான் பார்த்த உலகத்தை வைத்துச் சொன்னார். இந்த வகைச் சந்தேகம் பெரும்பாலும் நம்மேல் பாசம் உள்ளவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது. "எழுத்து சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்பதும் அப்படித்தான். பட்லர் பிற்பாடு அறிவியல் புனைவின் உயரிய விருதான ஹியூகோவை இருமுறை பெற்றார். 1995-இல், படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் தரப்படும் பெருந்தொகையான மக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது.

தமிழில் இந்தத் தடை பெரும்பாலும் மொழியின் உருவத்தில் வருகிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இருக்கும் தூரம் அப்படி. வீட்டில் பேசும் மொழி எழுதத் தகுதியில்லாதது என்று பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். பிறகு கதை எழுத உட்கார்ந்தால் கட்டுரைப் போட்டித் தமிழ்தான் வருகிறது. இதை உடைத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், பலர் முறையான படிப்பின் ஓரத்தில் நின்றவர்கள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று தன் படிப்பைப் பற்றிச் சொன்னவர். விவசாயி, விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டவர். 'சரஸ்வதி' பத்திரிகையில் அவருடைய 'மாயமான்' கதை வெளிவந்தது 1958-இல். அப்போது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். அந்த வயதுக்குள் முதல் புத்தகம் வரவில்லையே என்று இன்று தூக்கம் கெடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கரிசல்காட்டுப் பேச்சை அவர் திருத்தி எழுதவில்லை, அதையே இலக்கியமாக்கினார், அந்தச் சொற்களுக்கு ஒரு அகராதியும் தொகுத்தார். 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

சுந்தர ராமசாமியின் கதை இன்னொரு விதம். நாகர்கோவில்காரர், சிறுவயதில் நோயில் படுத்துப் படிப்பு தடைப்பட்டவர். மலையாளம்தான் முதலில் கற்ற மொழி. தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது ஏறக்குறைய 18 வயதில். சில ஆண்டுகளிலேயே, 1951-இல், புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய முதல் கதை வெளியானது அந்த மலரில்தான். தமிழ் உரைநடையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கவனம் எடுத்துக்கொண்டவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், பிறர் கல்லூரிக்குப் போகும் வயதில் அகர வரிசை கற்றவர்.

தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' வெளிவந்தது 1992-இல். ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தபின் எழுதியது. தன் மக்கள் பேசும் மொழியில், அதன் ஏச்சுப் பேச்சோடு, அப்படியே எழுதினார். புத்தகம் வந்ததும் சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பி, சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாத நிலை இருந்தது. இன்று தலித் தன்வரலாற்று எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவுக்கு, பெண் எழுதுவதே பிரச்சினை. வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுபோனது. திருமணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதியதையும், கவிதைகள் தாயார் கை வழியாக வெளியே போனதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'சல்மா' என்பதே மறைந்துகொள்ள வைத்துக்கொண்ட பெயர். முதல் தொகுப்பு 2000-இல் வந்தது. இவருடைய பிரச்சினையை 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று யாராவது பெயரிட்டால் அது பெரிய அநியாயம். எழுதும் பெண்ணுக்குக் கதவு இல்லை என்பதுதான் பிரச்சினை. பல பெண்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்வதற்குக் காரணம், தனியாக உட்கார ஒரு மணி நேரம்கூட இல்லை என்பதாக இருக்கும். முதலில் எது எது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நேரம் இல்லாததைத் திறமை இல்லாததாக எடுத்துக்கொண்டுவிட்டால், மீள்வது கஷ்டம்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

'எனக்கு முடியும்' என்ற எண்ணம் ஒருவருக்கு எப்படி உருவாகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். அவர் சொன்ன ஊற்றுகள் நான்கு. அந்த வேலையைத் தானே செய்து முடித்த அனுபவம்தான் இருப்பதிலேயே வலுவானது. அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அதற்கப்புறம்தான் இடம். படபடப்பு, களைப்பு போன்ற உடல்நிலையும் ஒரு பங்கு வகிக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் தேடி அலைகிறோம். "நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா போதும்" என்று இருக்கிறது. பாராட்டு சந்தோஷம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் வெற்றுப் பக்கத்தின் முன் உட்காரும்போது அது கரைந்திருக்கும். ஒரு கதையை, சுமாரான கதையாக இருந்தாலும், கடைசி வரிவரை கொண்டுபோய் முடித்த அனுபவம் கரையாது. முடித்தவருக்கு மட்டும் தெரியும் விஷயங்கள் உண்டு: நடுவில் கதை தொய்ந்துபோகும், அது தாண்டும், எழுதத் தொடங்கியபோது நினைத்த முடிவு பொருந்தாது, வேறொன்று வரும். பத்துக் கதையைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காதவருக்கு இதில் எதுவுமே தெரிய வாய்ப்பில்லை. அவரிடம் இருப்பது தொடக்கங்களின் அனுபவம் மட்டும். அதனால்தான் முதல் ஆண்டில் நல்ல கதை எழுதுவதைவிட முழுக் கதை எழுதுவது முக்கியம் என்கிறேன். சின்னதாக இருக்கட்டும், மூன்று பக்கம் போதும்.

இரண்டாவது ஊற்றையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பட்லருக்குப் பதின்மூன்று வயதில் கிடைக்காதது அதுதான். இன்று ஒரு இளம் எழுத்தாளர் ரஷ்ய மேதைகளைப் படிப்பது நல்லது. ஆனால் தன் ஊர்ப் பேருந்து, தன் வீட்டுச் சமையல், தன் சாதிப் பிரச்சினை, தன் வயது உள்ள ஒருவர் எழுதிய சுமாரான கதை சில சமயம் அதைவிட அதிகத் தெம்பு கொடுக்கும். 'இதையெல்லாம்கூட எழுதலாமா!' என்று தோன்றும் அந்தக் கணத்துக்கு நிகரான ஊக்கம் வேறு இல்லை.

எழுதத் தூண்டுவது எது என்பதிலும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். தெரசா அமபைல் என்ற உளவியலாளர் 1985-இல் வெளியிட்டது. எழுத்தில் ஈடுபாடு உள்ள 72 பேரை அழைத்து ஒரு சிறு கவிதை எழுதச் சொன்னார். பிறகு ஒரு பிரிவினரிடம், எழுதுவதற்கான உள் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து (சொற்களோடு விளையாடும் மகிழ்ச்சி போன்றவை) வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினருக்குப் புகழ், வருமானம், வேலைவாய்ப்பு போன்ற வெளிக் காரணங்களின் பட்டியல். மூன்றாவது பிரிவினருக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அப்புறம் எல்லாரும் இரண்டாவது கவிதை எழுதினார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் கவிஞர்கள் மதிப்பிட்டபோது, வெளிக் காரணங்களை நினைத்துக்கொண்டு எழுதியவர்களின் கவிதைகள் தரம் இறங்கியிருந்தன. உள் காரணங்களை நினைத்தவர்கள் எதுவும் நினைக்காதவர்களைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எழுத்தில் ஆர்வம் உள்ளவருக்கு உள்ளே ஏற்கெனவே தேவையான அளவு இருக்கிறது. வெளி யோசனை சில நிமிடங்கள் புகுந்தாலே அது கெடுகிறது.

சில நிமிடங்களுக்கே இப்படி என்றால், பதிவு போட்டுவிட்டு அரை மணிக்கு ஒருமுறை எத்தனை லைக் வந்திருக்கிறது என்று பார்ப்பவர் மனதுக்குள் என்ன நடக்கும்? இணையம் புதியவர்களுக்குச் செய்திருக்கும் நன்மை பெரியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாருடைய தயவும் இல்லாமல் கதையை வெளியிடலாம். ஆனால் எழுதிய சூட்டோடு எண்ணிக்கையைப் பார்ப்பது ஆரம்ப எழுத்தாளருக்கு நல்லதல்ல. லைக் போடுகிறவர்களில் பாதிப் பேர் நம் மேல் உள்ள பிரியத்தில் போடுகிறார்கள். போடாதவர்கள் படிக்கவே இல்லை. இரண்டிலுமே கதையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பத்திரிகைகளின் மௌனமும் அப்படித்தான். முன்பெல்லாம் போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையைக் கதையோடு வைத்து அனுப்ப வேண்டும். வருந்துகிறோம் என்ற அச்சிட்ட சீட்டோடு கதை திரும்பி வரும். அது வலிக்கும்தான், ஆனால் ஒரு முடிவு தெரிந்துவிடும். இப்போது மின்னஞ்சலில் அனுப்பினால் பல இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை. அந்த மௌனத்தை ஒரு தீர்ப்பாகப் படிக்கிறவர்கள் ஏராளம். வார இதழில் கதைக்கு ஒதுக்கிய பக்கம் குறைந்துகொண்டே போகிறது, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து குவியலைப் பார்க்கிறார்கள், நீளம் பொருந்தாத கதை முதல் பார்வையிலேயே ஓரம் போய்விடும், பொங்கலுக்கு வர வேண்டிய கதை சித்திரையில் போய்ச் சேர்ந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். கதை வெளிவராமல் போவதற்கு அதன் தரம் பல காரணங்களில் ஒன்று மட்டுமே. சிறுபத்திரிகைகளோ பெரும்பாலும் ஓரிருவரின் சொந்தப் பணத்திலும் உழைப்பிலும் ஓடுபவை. அங்கேயிருந்து நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தால் அதுவே பெரிது. ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவதுதான் இதற்கு நான் கண்ட ஒரே வழி.

மனநிலை வந்தால்தான் எழுத முடியும் என்று காத்திருப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் பாய்ஸ் என்பவர் 1980களில் கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவினர் அவசியம் நேர்ந்தாலொழிய எழுதவே கூடாது. இன்னொரு குழுவினர் தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழுவினர் தினமும் கட்டாயம் எழுத வேண்டும், தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஒரு அமைப்புக்குப் பணம் போகும். மூன்றாவது குழுவினர் அதிகப் பக்கம் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் தோன்றின. காத்திருந்தவர்களுக்கு உதித்தது குறைவு. அவர்கள் எழுதியது ஆய்வுக் கட்டுரைகள், கதைகள் அல்ல என்பது உண்மை. இருந்தாலும் எழுத்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வருகிறது என்பதை எழுதுகிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

பட்லர் பாத்திரம் கழுவும் வேலை, உருளைக்கிழங்கு சிப்ஸ் சோதிக்கும் வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு, அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். 1970-இல் ஒரு எழுத்துப் பட்டறைக்குப் போய் இரண்டு கதைகளை விற்றார். அப்புறம் ஐந்து ஆண்டுகள் ஒன்றும் விற்கவில்லை. முதல் நாவல் 1976-இல் வந்தது. ஊக்கத்தை நம்பாதே, பழக்கத்தை நம்பு என்று பின்னால் புதியவர்களுக்கு எழுதினார். இரண்டு மணிக்கு எழ வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகம் போகும் பேருந்தில் செல்போனில் தினம் நாலு வரி தட்டி, தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சேர்த்துக் கதையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முறை எதுவாக இருந்தாலும், இன்று எழுதுவதா வேண்டாமா என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. சந்தேகம் அந்த இடைவெளியில்தான் உள்ளே வருகிறது.

ஒரே ஒரு வாசகர்

இடைசெவலிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் வந்தார்கள். முன்னே சொன்ன கி. ராஜநாராயணன் ஒருவர், கு. அழகிரிசாமி இன்னொருவர். சம வயதுக்காரர்கள், சிறுவயதுத் தோழர்கள், சங்கீதத்திலும் படிப்பிலும் சேர்ந்தே திளைத்தவர்கள், இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்துக்கும் சேர்ந்தே போனவர்கள். அழகிரிசாமி சென்னைக்கும், பிறகு மலேயாவுக்கும் பத்திரிகை வேலைக்குப் போன பிறகு கடிதங்கள் ஓடின. இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள், அழகிரிசாமிக்கு அது 1970-இல் மறைவுக்குப் பின் வந்தது. ஒரு சின்னக் கிராமத்தில் இப்படி நேர்ந்ததற்கு மண்ணின் மகிமை என்று காரணம் சொல்வார்கள். ஒருவர் படிப்பதற்கு இன்னொருவர் இருந்தார் என்பதை நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன்.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையும் இதையே சொல்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தப் பட்டபாடு கொஞ்சமல்ல. புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். வெகுஜன இதழ்களோடு ஒப்பிட்டால் அதன் வாசகர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் போதுமானதாக இருந்தார்கள். இலங்கையின் திருகோணமலையிலிருந்து வந்த கவிஞர் பிரமிள் இருபது வயதை ஒட்டி அதில் எழுதத் தொடங்கினார். சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதியதும் அங்கேதான். தமிழ்ப் புதுக்கவிதை நிலைபெற்றது அந்தச் சிறிய வட்டத்துக்குள். தங்களை ஊன்றிப் படிக்கச் சிலர் இருக்கிறார்கள் என்ற நிச்சயம் அவர்களுக்கு இருந்தது. ஆயிரம் பேர் மேலோட்டமாகப் பார்ப்பதில் அது கிடைக்காது.

அந்த ஒரு வாசகரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும், அல்லது தர்மசங்கடமான மௌனம். எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது, யார் பேசியது நம்பும்படி இல்லை என்று கேட்டால், இலக்கியம் படிக்காதவர்கூடச் சரியாகச் சொல்வார். பதிலும் கதையைப் பற்றி மட்டுமே இருக்கும், எழுதியவரைத் தொடாது. அவர் ஒரு இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டியதில்லை.

அனுபவம் வந்தால் சந்தேகம் போய்விடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938-இல், தன் மிகப் பெரிய நாவலை எழுதிக்கொண்டிருந்த ஐந்து மாதமும் கூடவே ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அதன் நடுவில், நான் எழுத்தாளனே அல்ல, என்னையும் மற்றவர்களையும் ஏமாற்றி வந்திருக்கிறேன் என்று எழுதிவைத்திருக்கிறார். அப்போதே அவர் பல நாவல்கள் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். அதே நாவல் புலிட்சர் பரிசு பெற்றது. நாட்குறிப்பில் அந்த வரிக்குப் பிறகும் அன்றன்றைய வேலையைப் பற்றிய குறிப்புகள் தொடர்கின்றன. சுந்தர ராமசாமிகூட முதல் நாவல் வந்த பிறகு சில ஆண்டுகள் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு எழுபதுகளில் திரும்பி வந்தவர். 1981-இல் வந்த அவருடைய இரண்டாவது நாவல் அந்த இடைவெளிக்குப் பின் எழுதியது.

எழுதிப் பார்த்துவிட்டு, இது எனக்கான வேலை அல்ல என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல வாசகராகத் திரும்பிப் போவார்கள், தமிழுக்கு அவர்களும் தேவை. ஆனால் அப்படி முடிவெடுக்கக் கையில் முடித்த கதைகள் ஐந்தாறாவது இருக்க வேண்டும். அவற்றை எழுதிய நாட்களில் ஏதாவது ஒரு மணி நேரமாவது வேறு எதுவும் நினைவில்லாமல் போனதா என்று யோசித்துப் பார்க்கலாம். போயிருந்தால் ஏழாவது கதையைத் தொடங்கலாம். பதில் வராத ஒரு மின்னஞ்சலையும் பாதியில் நிற்கும் நாலு கதைகளையும் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்க முடியாது, அதற்கு அவை போதாது.